கோடு போடாத முகம்

நொச்சிப்புதூர் கீழத்தெருப் பிள்ளைகளின் கண்ணுக்குப் பெற்ற தாய்மார் தெரியாமல் போன சங்கதி தாய்மாருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிய வந்தது. ஏனென்றால் அந்தத் தெருவில் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் பெண்கள் எல்லாரும் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் சுவரோரம் சாத்திவைத்த போனில் பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருக்கும். தாய்க்குப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, பிள்ளைக்குத் தாயைத் திரும்பிப் பார்க்க அவசியமில்லை. இப்படியே இருந்தபடியால் எந்த நாளில் அது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆவுடைச்செல்விக்குத் தெரிந்தது ஒரு மத்தியானத்தில். அவள் மகள் நிகாஷினிக்கு நாலு வயசு. போனில் சார்ஜ் தீர்ந்து படம் அணைந்துபோனது. பிள்ளை எழுந்து, "அம்மா எங்க?" என்றது.

"இந்தா இருக்கேன்" என்றாள் ஆவுடை.

பிள்ளை குரல் வந்த பக்கம் திரும்பியது, ஆவுடையைத் தாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த உலைமூடியைப் பார்த்தது, நடந்து வந்து அவள் முழங்காலில் முட்டி விழுந்தது, எழுந்து தன் நெற்றியைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குள் போய்த் தேடியது. ஆவுடை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிள்ளை அடுப்படியிலிருந்து அழ ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள்.

அடுத்த வீட்டில் தங்கபுஷ்பத்தின் மகனுக்கும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். ஆடு தெரிந்தது, அடுப்பு தெரிந்தது, முருங்கைமரத்துக் காக்கா தெரிந்தது, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் தெரிந்தார்கள், வளர்ந்த மனுசர் மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நர்சம்மா டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். தெருவில் யாரும் மாரில் அடித்துக்கொண்டு அழவில்லை. மறுநாள் கடையில் பீடி கொடுத்தாக வேண்டும், அழுகிற விரலில் நூல் நிற்காது.

வழி கண்டுபிடித்தவள் தங்கபுஷ்பம்தான். மகனுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க மை தொட்ட விரலால் தன் கன்னத்தைச் சொறிந்துகொண்டாள். உடனே பையன், "யாரோ ஒரு கன்னம் நிக்கி" என்றான். அவள் ஓடிப்போய்க் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தைச் சுற்றி ஒரு கோடு, கண்ணைச் சுற்றி ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு ஒரு கோடு என்று மையால் இழுத்துக்கொண்டு திரும்பினாள். பையன் கைதட்டிச் சிரித்து, "அம்மா வந்துட்டா" என்றான்.

அன்றைக்குப் பொழுது சாயுமுன் தெரு முழுக்கக் கோடு போட்டாகிவிட்டது. மை தலையணையில் ஒட்டுகிறது என்று போஸ்டர் கலருக்கு மாறினார்கள், காலையில் பல் தேய்த்ததும் கோடு என்று வழக்கமானது. ஆளாளுக்குக் கோணல்மாணலாக இழுக்க வேண்டாம் என்று கடைவீதியில் போர்டு எழுதும் செல்லப்பாவைக் கூப்பிட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது ஒரே முகம். உருண்டைக் கண், மெல்லிய புருவம், பொட்டு மூக்கு, வரிசையான வெள்ளைப் பல். அதையே வீடுவீடாக வரைந்து கொடுத்துவிட்டுப் போனான். மினிபஸ் கண்டக்டர் கோடு போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்தார், ரேஷன் கடைக்காரர் கோடு போட்டுக்கொண்டு சீனி இல்லை என்றார், முப்பிடாதி அம்மன் கோயில் பூசாரி திருநீற்றுக்கு மேலே கோடு போட்டுக்கொண்டு தீபாராதனை காட்டினார். அம்மனுக்கு மட்டும் யாரும் கோடு போடவில்லை. அவளுக்கு முன்னமே கண்மலர் சாத்திக் கறுப்புக்கோடு இழுத்திருந்தது, பிள்ளைகளுக்கு அவளை எப்போதும் தெரிந்தது.

ஆவுடையும் போட்டுக்கொண்டாள். போட்டு முடித்துக் கண்ணாடி பார்த்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளுக்கு இடது பக்கத்தில் ஒரு பல் கோணல். ஒன்றாகப் படித்த தங்கபுஷ்பம் அந்தக் காலத்திலேயே கோணப்பல்லி என்று பேர் வைத்து, அந்தப் பேர் பள்ளிக்கூடம் முழுக்க ஓடி, கல்யாண வீடு வரைக்கும் வந்து, ஆவுடை இன்றைக்கும் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். செல்லப்பாவின் கோட்டில் கோணல் இல்லை.

இப்படித் தெரு தன் போக்கில் நிம்மதியாகிவிட்ட நேரத்தில்தான் ஹெப்சிபா வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். பொம்மைப்படம் பார்க்கப் பார்க்கச் சின்னப் பிள்ளைகளின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டு வந்திருந்தாள். பெண்கள் அவளுக்கு ஆராய்ச்சியம்மா என்று பேர் வைத்தார்கள். மரியாதைக்கு வைத்த பேர் இல்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பிள்ளைக்குப் போன் குடுக்கிறீங்க?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"நாங்க எவ்வளவு நேரம் குனிஞ்சே கெடக்கோம்னு முதல்ல எழுதுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"அதையும் எழுதுறேன்."

"எழுதி?"

"எழுதினாத்தானே காரணம் தெரியும்."

"எங்களுக்குத் தெரியும். படிச்ச ஒங்களுக்குத்தான் தெரியல, இவ்வளவு தூரம் வந்து கேக்கிய." அவள் நூலைப் பல்லால் அறுத்தாள். "புள்ள இருக்கா யம்மா ஒங்களுக்கு?"

"இல்ல."

"அப்பச் சரி" என்றாள் தங்கபுஷ்பம். அந்த 'அப்பச் சரி' தெருக்கோடி வரைக்கும் சிரிப்பாகப் போனது.

கோடு இல்லாத ஹெப்சிபா பிள்ளைகளுக்குத் தெரியமாட்டாள் என்பதால் அவளும் செல்லப்பாவிடம் முகத்தைக் காட்டி உட்கார வேண்டியதாயிற்று. பெண்கள் அவனிடம் கண்ணடிக்க, அவன் அவளுக்குப் பூனைமீசையும் சேர்த்து வரைந்துவிட்டான். அவள் கண்ணாடியில் பார்த்தாள், அழிக்கவில்லை. அந்த மீசையோடேயே பொழுது சாயும் வரை வீடுவீடாக ஏறி இறங்கினாள். அது பெண்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒருநாள் அங்கன்வாடியில் ஒரு சோதனை வைத்தாள். தாய்மாரை வரிசையாக நிறுத்தினாள், பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் விட்டாள். ஒவ்வொரு பிள்ளையாக வெளியே விட்டு, "அம்மாகிட்டப் போ" என்றாள். ஒவ்வொரு பிள்ளையும் ஓடிவந்து எது பக்கத்தில் இருந்ததோ அந்தக் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றது. பெண்களுக்குச் சிரிப்பான சிரிப்பு. "ஏட்டி, ஒம்புள்ள எனக்கு, எம்புள்ள ஒனக்கு" என்று கேலி பேசினார்கள். நிகாஷினி வெளியே வந்தது. வரிசையில் முதலில் நின்றவள் தங்கபுஷ்பம். பிள்ளை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, பசிக்கி" என்றது. அடுத்து நின்ற ஆவுடை நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

"எந்தப் பிள்ளைக்கும் அம்மாவை அடையாளம் தெரியல" என்றாள் ஹெப்சிபா, குரலில் ஏற்றம் இறக்கம் இல்லாமல். "கோடுதான் தெரியுது."

சிரிப்பு நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உருண்டைக் கண் உருண்டைக் கண்ணைப் பார்த்தது. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து ஹெப்சிபாவைப் பார்த்தார்கள். அவள் பையை எடுத்துத் தெருவில் எறிந்தவள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை, எல்லா முகமும் ஒரே முகமாயிருந்தது.

ஆவுடை வீட்டுக்குப் போய் அரப்புப் போட்டு முகத்தைக் கழுவினாள். போனை அரிசிப்பானைக்குள் போட்டு மூடினாள். முப்பிடாதி அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, அழகாத் தெரியணும்னு கேக்கல. என்னிய நானாத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுதவே மனசு வலிக்கிறது. பிள்ளைக்கு வீடு காலியாகிவிட்டது. சோற்றுத்தட்டு தானாக வந்தது, சட்டை தானாகக் கழன்றது, தலைக்குத் தண்ணீர் எங்கிருந்தோ விழுந்தது. அம்மா அம்மா என்று அது அழுகிற அழுகை தெருவையே அறுத்தது. ஆவுடை கூடவே குரல் கொடுத்தாள். குரல் வரவர, ஆளைக் காணாத பிள்ளை இன்னும் மிரண்டது. அதனால் பேச்சை விட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்துத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் உட்காரவைத்து, தொடைமேல் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். திமிறும், கடிக்கும், அசந்து சாயும். சாய்ந்த முதுகுக்கு ஒரு நெஞ்சு தட்டுப்பட்டது. நாள் போகப்போகப் பிள்ளையின் விரல் மேலே வந்து தடவ ஆரம்பித்தது. தூள் ஏறிக் கறுத்த நகம், கத்தரி பட்டுக் காய்த்த கட்டைவிரல், பீடித்தூள் வாசமும் வேர்வையும் கலந்த சேலை. இலைத்துண்டை எடுத்து நீட்டினால் ஒரு கை வாங்கிக்கொண்டது. அழுகை நின்றது. ஆனாலும் கண் அவளைத் தாண்டித்தான் பார்த்தது.

தெருவுக்கு அவள் பகையாகிப்போனாள். "ஊரே கோடு போடுது, இவளுக்கு என்ன கேடு?" என்றார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால், பிள்ளைகள் வெறுங்குடம் அந்தரத்தில் போகிறது என்று அலறின. அதனால் குழாயடியில் அவள் குடத்தைக் காலால் தள்ளி வரிசைக்குக் கடைசியில் விட்டார்கள். பீடிக்கடைக் கணக்கர் அவள் பீடிக்கட்டை மட்டும் பிரித்து, சரியில்லை என்று கைகையாகக் கழித்துப் போட்டார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் யாருடைய வீட்டுக் குப்பையோ கிடந்தது.

ஆந்திராவில் பேக்கரி வேலைக்குப் போயிருந்த புருஷன் முத்துக்குட்டி போனில் வந்தான். போனுக்குள் இருந்ததால் பிள்ளைக்கு அவனைத் தெரிந்தது, அவனைப் பார்த்துக் குதித்தது. "எங்கயோ கெடக்க என்னியத் தெரியுது, பக்கத்துல இருக்க ஒன்னியத் தெரியல. என்ன வீம்புளா இது? ஊரோட ஒத்துப்போ" என்றான். ஆவுடை போனை மறுபடியும் அரிசிக்குள் புதைத்தாள்.

ஹெப்சிபா அப்போதும் வந்தாள். மீசை போன முகத்தோடு வாசலில் நின்றாள்.

"பிள்ளை ரொம்ப மெலிஞ்சு போயிருக்கா" என்றாள்.

"நான் பெத்தது. எனக்குத் தெரியாதா?"

"ஒரு கோடு போட்டா சரியாயிரும்."

"சரியாயி? பொறவு யாரைப் பாத்து அம்மான்னு ஓடும்? ஒங்களப் பாத்தா?" ஆவுடை இலைக்கட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறினாள். "நீங்கதானே வரிசையில நிக்கவச்சுக் காட்டினிய. சொல்லுங்க. கோடு இல்லாம என்னிக்காவது எம்புள்ளைக்கு என்னியத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பொறவு எதுக்கு வாறிய?"

"கோட்டை அழிச்சது நீங்க ஒருத்திதான். பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதான்னு உங்ககிட்ட மட்டும்தான் பார்க்க முடியும்."

ஆவுடை இலை ஊறிய தண்ணீர்ச் சட்டியை எடுத்து அவள்மேல் ஊற்றினாள். வெள்ளைச் சேலை முழுக்கப் பழுப்பாக இறங்கியது. ஹெப்சிபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் ஆடு கட்டுகிற வேப்பமரத்தடியில், தண்ணீர் எட்டாத தூரத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாசம் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கொடை முடிந்த மறுநாள் மஞ்சள் நீராட்டு. வருஷாவருஷம் நடக்கிறதுதான். பானையில் மஞ்சள் தண்ணீர் கொதிக்கும், சாமியாடி பாக்குமரத்துக் கமுகம்பாளையை முக்கித் தன்மேல் அடித்துக்கொண்டு ஆடுவார், பிறகு ஆணும் பெண்ணும் குடம் குடமாக ஒருத்தர்மேல் ஒருத்தர் ஊற்றிக்கொள்வார்கள். அம்மன் தண்ணீர் மேலே படாமல் ஒதுங்குகிறது இந்த ஊரில் கிடையாது. இத்தனை ஏற்பாடு செய்த தெருவுக்கு, போஸ்டர் கலர் தண்ணீரில் போகும் என்கிறது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பக்தியில் மறந்தார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குலவை உயர்ந்தது, குடங்கள் கவிழ்ந்தன. முதலில் ஒரு புருவம் வழிந்தது, பிறகு ஒரு கன்னம் வழிந்தது, பிறகு கோயில் முற்றம் முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாக ஓடி, குலவை அடங்குமுன் ஊரில் ஒரு முகம் மிச்சமில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கு முற்றம் காலியாகிவிட்டது. ஆளில்லாத முற்றத்தில் குடங்கள் மட்டும் குதித்தன, கமுகம்பாளை தானாக ஆடியது, மஞ்சள் தண்ணீர் அந்தரத்திலிருந்து கொட்டியது. இது அத்தனைக்கும் நடுவில், நடை திறந்த கருவறையிலிருந்து முப்பிடாதி மட்டும் பெரிய கண்ணை விழித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள்.

ஊரே கூடிநிற்கிற இடத்தில் அநாதைகளாய்ப் பிள்ளைகள் அலறின. தாய்மார் பாய்ந்து தூக்கினார்கள். காணாத கை தூக்கியதும் பிள்ளைகளுக்கு வலிப்பு வருகிற மாதிரி ஆகிவிட்டது. கடித்தன, பிராண்டின, நழுவி விழுந்து ஓடின. தங்கபுஷ்பத்தின் மகன் தர்சன் கிணற்றுப் பக்கமாக ஓடினான். அவள் பிடிக்கப் பிடிக்க, பிடித்த கையை விட்டு இன்னும் வேகமாக ஓடினான்.

நிகாஷினி அழவில்லை. அதற்கு இது பழகிய காலி வீடு மாதிரிதான். கண்ணை மூடிக்கொண்டு கையை முன்னால் நீட்டி நடந்தது, மஞ்சள் வாசத்துக்குள் ஒரு வாசத்தை மோந்து, ஓர் ஈரச்சேலையைப் பிடித்து, கைக்குள் கைவிட்டுக் காய்த்த கட்டைவிரலைத் தடவி, "அம்மா" என்றது. ஆவுடை அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு பிள்ளை அவளை இழுத்துக்கொண்டே போய்க் கிணற்றங்கரையில் தர்சனைப் பிடித்தது. பின்னால் ஓடிவந்த தங்கபுஷ்பத்தின் புடவையை, அங்கன்வாடியில் முகம் புதைத்த அந்த மடியை, மோந்தது. தர்சன் கையை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, "அழாத. இது ஒங்கம்மா. கண்ண மூடிட்டுத் தொடு" என்றது. பையன் விக்கிக்கொண்டே தொட்டான், விக்கல் அடங்கியது.

தங்கபுஷ்பம் மகனை இறுக்கிக்கொண்டு ஆவுடையைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்றுதான் நாம் நினைப்போம்.

"என்னளா செஞ்ச ஒம்புள்ளைக்கு?" என்றாள். "ஊர்ப்புள்ள எல்லாம் அலறுது, ஒம்புள்ள மட்டும் குருடி மாதிரி மோந்துட்டு வருது. என்ன வச்ச?"

அன்றைக்குச் சாயங்காலமே செல்லப்பாவைக் கூப்பிட்டு, கதவுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டார்கள். முகம் எரிந்தது, பரவாயில்லை என்றார்கள். பெயிண்ட் காயுமுன்னே ஒரு கூட்டம் டப்பாவும் தூரிகையுமாக ஆவுடை வீட்டுக்கு வந்தது. முன்னால் தங்கபுஷ்பம். வேப்பமரத்தடியிலிருந்து ஹெப்சிபா எழுந்து ஓடிவந்து கதவை மறித்தாள். "ஆராய்ச்சியம்மா, ஓரமாப் போங்க" என்று அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள்.

"ஊருக்குள்ள இருக்கணும்னா ஒரே முகம்" என்றாள் தங்கபுஷ்பம். "பிடிங்கட்டி."

இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள், ஒருத்தி முடியைப் பிடித்துத் தலையை அண்ணாத்தினாள். பீடித்தட்டு கவிழ்ந்து தூள் பறந்தது. ஆவுடைக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். தங்கபுஷ்பம் தாடையை அழுத்தி, "வாயத் திற, பல்லு வரையணும்" என்றாள். அழுத்திய அழுத்தில் வாய் திறந்தது. தூரிகை உதட்டருகே வந்தது, முகத்தில் இன்னும் ஒரு கோடும் விழவில்லை.

காலடியில் கிடந்த நிகாஷினி தூள் நெடியில் தும்மியது, ஒருமுறை தும்மி, மறுபடியும் தும்மி, கண்ணைக் கசக்கிவிட்டு மேலே நிமிர்ந்தது. பிள்ளையின் கண் ஆவுடையைத் தாண்டிப் போகவில்லை. நெற்றியில் நின்றது, மூக்கில் இறங்கியது, வாயில் வந்து தங்கியது. பெரிய அதிசயத்தைக் கண்டமாதிரி எட்டி ஒரு விரலை நீட்டியது.

"அம்மா" என்றது. "ஒனக்கு ஒரு பல்லு கோணலா இருக்கு."

தூரிகையிலிருந்து ஒரு சொட்டுக் கறுப்பு தரையில் விழுந்தது. முடியைப் பிடித்தவளின் கை தளர்ந்தது. தெருவில் எங்கோ ஒரு பிள்ளை அம்மாவென்று கூப்பிட, இங்கே நின்ற எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள், யார் பிள்ளை என்று தெரியாமல்.

தங்கபுஷ்பம் தன் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. "இவளுக்குச் சின்னப்புள்ளையிலயே கோணப்பல்லுதான்."

ஆவுடையின் கை, பழக்கத்தில், சேலைத்தலைப்பை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது. பாதி வழியில் நின்றது. தலைப்பை விட்டுவிட்டாள். பிள்ளை நன்றாகப் பார்க்கட்டும் என்று குனிந்து, இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தாள்.